எல்லை தாண்டி வாங்கப்படும் மாத்திரை: எச்ஐவி உள்ளோரை அச்சுறுத்துவது கிருமியா, ஊரார் பார்வையா?

பெருமாட்டி (பாலக்காடு): கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பெருமாட்டி ஊராட்சி. பிளாச்சிமடா நிலத்தடி நீர்ப் போராட்டத்தால் உலகம் அறிந்த பகுதி இது. வீட்டில் தமிழும் அரசு அலுவலகத்தில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இங்கு ஏராளம். சந்தைக்கும் மருத்துவத்திற்கும் பொள்ளாச்சி, கோவை செல்வது இவர்களுக்குப் புதிதல்ல.

எல்லையின் இப்பக்கம் அரசின் எச்ஐவி ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்தின் பெயர் 'ஜ்யோதிஸ்'. அப்பக்கம் 'நம்பிக்கை மையம்'. கூட்டு மருந்து வழங்கும் ஏஆர்டி மையத்திற்குக் கேரளம் சூட்டிய பெயர் 'உஷஸ்', அதாவது வைகறை. ஒளியும் நம்பிக்கையும் நிறைந்த பெயர்கள்தாம். நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் சமூகத்தின் கூச்சமும் அவற்றுக்குள் ஒளிந்திருக்கிறது.

தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று அஞ்சி, அருகிலுள்ள மையத்தைத் தவிர்த்துத் தொலைவிலுள்ள மையத்தை நாடுவது எச்ஐவி சிகிச்சையில் பல நாடுகளில் பதிவாகியுள்ள வழக்கம். எல்லைப்புற ஊர்களில் அந்தத் தொலைவு வேறு மாநிலமாகவும் இருக்கலாம். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போவது ஒருபுறம். ஒரு மாதம் செல்ல இயலாவிட்டால் மாத்திரை தடைபடும். கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத நிலையையும் எட்டக்கூடும். 2020 ஊரடங்கில் வாளையாறு எல்லை மூடப்பட்டபோது இந்த ஆபத்து வெளிப்படையானது. பல மாத மருந்தை ஒரே தடவையில் வழங்குமாறு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அப்போது அறிவுறுத்தியது.

மருத்துவம் முன்னேறிவிட்டது

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சோதிக்கப்பட்டன. அன்று அது மரணத்தின் அறிவிப்பு. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியது. தொற்று உறுதியானவர்கள் அனைவருக்கும் உடனே சிகிச்சை என்ற கொள்கை 2017-இல் வந்தது.

இதைவிடப் பெரிய மாற்றத்திலும் சென்னைக்குப் பங்கு உண்டு. ஒருவருக்கு மட்டும் எச்ஐவி உள்ள தம்பதிகளை 9 நாடுகளில் ஆய்வு செய்த 'எச்பிடிஎன் 052' ஆராய்ச்சியின் களங்களில் சென்னையும் புனேயும் அடங்கும். உடனடிச் சிகிச்சை பெற்றவரிடமிருந்து இணையருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் அதன் முடிவு கூறியது. சோதனையில் கண்டறிய இயலாத அளவுக்குக் கிருமி அடங்கியவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவும் வாய்ப்பு இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் தெளிவுபடுத்தியது. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே வகுப்பில் அமர்வதாலோ பரவாது என்பது இதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்த செய்தி.

தெரிந்தும் என்ன? கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த சிறுமிக்கும் அவளது சகோதரனுக்கும், பிற பெற்றோரின் எதிர்ப்பால் பள்ளிக் கதவு மூடப்பட்டது. 2003-இல் அன்றைய மத்திய சுகாதாரத்துறை அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அக்குழந்தைகளை அணைத்துக்கொண்ட படம் நாடெங்கும் பேசப்பட்டது. எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில், இரு குழந்தைகள் வகுப்பறைக்குள் நுழைய மத்திய அமைச்சர் ஒருவர் வந்து தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

தமிழ்நாடும் விலக்கல்ல. 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் சுவர்தோறும் கேள்வி எழுப்பியது. எய்ட்ஸ் பற்றி ஊரே பேசியது உண்மை. அந்தப் பெயர் கேலிச் சொல்லானதும் உண்மை. தொற்று என்பது ஒழுக்கத்திற்குக் கிடைத்த தண்டனை என்ற எண்ணம் அதனால் கரையவில்லை.

சாத்தூர் சொன்னது

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி கலந்த இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் அளித்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தாமே முன்வந்து இரத்த வங்கிக்குத் தெரிவித்தார். 2016-இல் அவர் அளித்த இரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டும் அவருக்குத் தகவல் சேரவில்லை என்று பின்னர் செய்திகள் வெளியாகின. பிழை அமைப்பினுடையது. ஆனால் பழியின் சுமை நேர்மையாக நடந்த அந்த இளைஞர் மீதே இறங்கியது. அம்மாத இறுதியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரையில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. உரிய நேரத்தில் தரப்படும் மருந்து தாயிடமிருந்து சேயைக் காக்கும் என்பதற்கு அது சான்று. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

உண்மையைச் சொன்னவருக்கு இதுவே கதி என்றால், அடுத்தவர் எப்படி முன்வருவார்? சோதனைக்கு வராதவருக்குச் சிகிச்சை இல்லை. சிகிச்சை இல்லாதவரிடமிருந்தே தொற்று பரவுகிறது. இழிவுபடுத்துவது மனிதநேயக் குறை என்பதோடு, பொது சுகாதாரத்திற்கும் நேரடிக் கேடு.

சட்டம் இருக்கிறது

2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு, காப்பீடு எதிலும் பாகுபாடு கூடாது. ஒப்புதலின்றிச் சோதனை கூடாது. ஒருவரது நிலையை அம்பலப்படுத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெறுப்பைத் தூண்டினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. 2023 செப்டம்பரில், இராணுவ மருத்துவமனையில் ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்குள்ளான முன்னாள் விமானப்படை வீரருக்குச் சுமார் 1.54 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், இச்சட்டத்தை முறையாகச் செயல்படுத்துமாறும், எச்ஐவி உள்ளோரின் வழக்குகளை விரைந்து முடிக்குமாறும் அறிவுறுத்தியது.

சட்டத்தின் வலுவான பகுதி, அதிகம் பேசப்படாத பகுதியும்கூட. ஒவ்வொரு மாநில அரசும் குறைதீர்ப்பாளர்களை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்த 30 நாள்களுக்குள் அவர்கள் உத்தரவிட வேண்டும். அவசர மருத்துவம் மறுக்கப்பட்டிருந்தால் கூடுமானவரை 24 மணி நேரத்திற்குள். மருத்துவ நிறுவனமாயின் 20 பேர் பணிபுரிந்தாலே புகார் அலுவலர் இருக்க வேண்டும்; மற்ற நிறுவனங்களுக்கு 100 பேர். எவருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையுறையும் பாதுகாப்பும் மேற்கொள்வதே மருத்துவமனைக்குரிய பொது விதி. அதைக் கடைப்பிடிக்கும் இடத்தில் நோயாளியின் கோப்பில் தனி அடையாளம் இடவோ, அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடவோ காரணம் இல்லை.

பெருமாட்டி போன்ற ஊர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. குறைதீர்ப்பாளர் மாநிலம் சார்ந்தவர். பாலக்காட்டில் வசித்து, கோவையில் சிகிச்சை பெறுபவர் அங்கே அவமதிக்கப்பட்டால், தமக்குப் பழக்கமில்லாத மாநிலத்தின் அலுவலகத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் மருத்துவமனைச் சுவரில் தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுதப்பட்டிருப்பது குறைந்தபட்சத் தேவை. ஐயங்களுக்கும் ஆலோசனைக்கும் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097 கட்டணமின்றி இயங்குகிறது.