சொற்போர்க்கும் அயன்மொழியா?

2013-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2014 சனவரித் தொடக்கம் வரை, உலகப் பல்கலைக்கழக மாணவர்க்கான சொற்போர்ப் போட்டி சென்னையில் நடந்தது. இராசலக்குமி பொறியியற் கல்லூரி அதனை ஏற்று நடத்தியது. வாகை சூடியது அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகம். தமிழகத் தலைநகரில் பன்னாட்டு இளைஞர் நாட்கணக்கில் வழக்காடினர். அவ் வழக்காடலில் தமிழுக்கு ஒரு மணித்துளியும் இடமில்லை!

வந்த விருந்தினர் மேல் குற்றமில்லை. அஃது ஆங்கிலப் போட்டி, ஆங்கிலத்தில் நடந்தது. வினா நம்மவரை நோக்கியது. மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் தமிழ் மாணவன் வீட்டில் தமிழில் வழக்காடுகிறான். கடைத்தெருவில் தமிழில் விலை பேசுகிறான். 'நாடளாவிய சொற்போர்' என்றதும் ஆங்கிலத்துக்குத் தாவுகிறான். அறிவு பேசும் மொழி வேறு, அடுப்படி பேசும் மொழி வேறு என்று அவனுக்குக் கற்பித்தவர் யார்?

அப் போட்டியின் முறை நன்முறையே. அணிக்கு இருவராக நான்கு அணிகள். தலைப்பு அறிவித்தபின் எண்ணிப்பார்க்க 15 மணித்துளி. பேச ஒவ்வொருவர்க்கும் 7 மணித்துளி. மனப்பாடம் அங்கே உதவாது. இத்தகைய பயிற்சி நம் பிள்ளைகட்கு வேண்டும். அதனை அயன்மொழிக்குள் பூட்டிவைப்பதே தீது.

"திறமைக்கன்றோ பரிசு, மொழிக்கா?" என்பர் சிலர். அதற்கு அவ் வுலகப் போட்டியே விடை கூறுகிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக உடையார்க்கும் அயன்மொழியாக உடையார்க்கும் அங்கே தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. மொழி ஒரு தடையன்று எனின், அப் பிரிவுகள் எதற்கு? இசுபானிய மொழியினர் தம் மொழியிலேயே தனி உலகப் போட்டி நடத்துகின்றனர். தமிழர்க்கு மட்டும் நாவில்லையா?

வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் மணிமேகலை அவரவர் கொள்கைத்திறம் கேட்டாள். குண்டலகேசிக்கு மறுப்பாக நீலகேசி எழுந்தது. வள்ளுவர் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். உடன்படல், மறுத்தல் முதலாக எழுவகை மதங்களை நன்னூல் முறைப்படுத்தியது. இத்துணைச் செல்வம் உடைய நாம் செய்தது என்ன? பட்டிமண்டபத்தை விழாநாள் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் கூத்தாக்கி, மாமியாரா மருமகளா என்று கைதட்டி மகிழ்ந்தோம். இப்பழி நம்முடையதே.

இது வெறும் மேடைச் செய்தியன்று. தமிழைச் சென்னை உயர்நயன்மன்ற மொழியாக்க வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் ஒருமனதாக வேண்டியது. இன்றுவரை அது கைகூடவில்லை. நாளை அம் மன்றத்தில் தமிழில் வழக்காட வேண்டியோர் இன்றைய மாணவரே. சட்டமும் பொருளியலும் அறிவியலும் பற்றித் தமிழில் மறுத்துரைக்க இன்று பழகாதவன், உரிமை வந்த நாளில் ஊமையாய் நிற்பான்.

ஆகவே, தமிழகப் பல்கலைக்கழகங்களே! ஆண்டுதோறும் தமிழ்ச் சொற்போர் நடத்துங்கள். ஈழத்தும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழ் மாணவரையும் அழையுங்கள். தமிழ் இளைஞனே! ஆங்கிலம் கற்க, வேண்டுமிடத்து அதில் பேசுக. உன் மண்ணின் வழக்கை உன் மொழியில் ஆடுக!