இங்கிலீஷ் தெரியாத அம்மாவா? பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 35 மதிப்பெண் எடுக்க நீங்களே உதவலாம்!

"கணக்குக்கு ட்யூஷன் இருக்கு. இங்கிலீஷ்ல பையன் என்ன படிக்கிறான்னே எனக்குத் தெரியலை. நான் எட்டாவதோட நின்னுட்டேன். பக்கத்துல உட்கார்ந்து என்ன பண்றது?"

திருவிடைமருதூரிலிருந்து ஒரு வாசகி நமக்கு அனுப்பிய கேள்வி இது. வீட்டில் பட்டுத் தறி. மகன் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ரிவிஷன் தேர்வில் ஆங்கிலத்தில் மட்டும் 27 எடுத்திருக்கிறான். பொதுத்தேர்வில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். எட்டு மதிப்பெண்தான் இடைவெளி. ஆனால், வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விட்டது.

முதலில் வினாத்தாளைப் பார்த்துவிடலாம். தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளாக மாறிய 2019-20-லிருந்து, ஆங்கிலத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2. இதில் பாடங்களை நெட்டுரு போடாமலே எழுதக்கூடிய கேள்விகளைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். கடிதம், விளம்பரம், நோட்டீஸ், படத்தைப் பார்த்து எழுதுவது, சுருக்கி எழுதுவது, பிழை திருத்துவது என்று ஆறு கேள்விகள் இருக்கும். நான்கு எழுதினால் போதும். அது 20. ரோட் மேப் 2. கொடுத்த பத்தியைப் படித்து பதில் எழுதுவது 8. மனப்பாடப் பாட்டு 5.

மொத்தம் 35. சரியாக பாஸ் மார்க்!

இதில் பாட்டு மட்டும்தான் மனப்பாடம். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் கிடைக்காது என்பதும் உண்மைதான். மற்ற பகுதிகளில் கொஞ்சம் வரும், அது ஈடுகட்டும். பல பிள்ளைகள் 'நெடுவினா'வையே கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, இந்த 35-ஐ கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெல் அடித்துவிடுகிறது.

இனி அம்மாவின் வேலை. ரோட் மேப்பிலிருந்து தொடங்குங்கள். மகாலிங்க சுவாமி கோயிலுக்குப் போகும்போது பையனையும் அழைத்துப் போங்கள். 'இங்கேருந்து நம்ம வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு இங்கிலீஷ்ல சொல்லுடா' என்று கேளுங்கள். நேராகப் போ, இடது பக்கம் திரும்பு, கடைக்கு எதிரே இருக்கிறது... இவ்வளவுதான் தேவை. 'லெஃப்ட்' என்று சொல்லிவிட்டு வலது கையை நீட்டுகிறானா என்று கவனிக்க உங்களுக்கு ஆங்கிலம் வேண்டாம். தேர் ஓடும் நான்கு வீதியையும் ஒரு சுற்று வந்தால் நாலைந்து கேள்விகள் போட்டுப் பார்த்த மாதிரி.

மனப்பாடப் பாட்டை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், எழுதச் சொல்லுங்கள். பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளை, எழுதும்போது எழுத்தைக் கோட்டை விடும். எழுதிய தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அர்த்தம் புரிய வேண்டாம். பட்டில் ஒரு இழை பிசகினாலே கண்டுபிடிக்கும் கண்ணுக்கு, ஒரு கமா விட்டுப்போனது தெரியாதா என்ன? தலைப்பையும் கவிஞர் பெயரையும் சேர்த்தே பழக்குங்கள்.

விளம்பரத்துக்கு வீட்டுக்கு வரும் ஜவுளிக்கடை நோட்டீஸே மாதிரி. கடைப் பெயர், என்ன தள்ளுபடி, எத்தனை நாள், எங்கே இருக்கிறது, போன் நம்பர். இதையெல்லாம் ஒரு கட்டம் கட்டி எழுத வேண்டும். திருபுவனம் பட்டுக்கு ஒரு விளம்பரம் எழுதச் சொல்லுங்கள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று அவனைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். படம் பார்த்து எழுதுவதும் இப்படித்தான். வயலில் அறுவடை இயந்திரம் ஓடும் போட்டோவைக் காட்டி ஐந்து சின்ன வாக்கியங்கள் வாங்குங்கள்.

கடிதத்தில் பிள்ளைகள் பயப்படுவது நடுவில் இருக்கும் விஷயத்துக்கு. தவறவிடுவதோ ஓரத்தில் இருப்பவற்றை! தேதி, முகவரி, பொருள், விளிப்பு, முடிவு, கடைசியில் உறை மேல் எழுதும் முகவரி. இவற்றை வரிசையாக ஒரு தாளில் குறித்துக்கொண்டு, இருக்கிறதா என்று நீங்கள் டிக் போடலாம். சொந்தப் பெயரையோ பள்ளிப் பெயரையோ மட்டும் விடைத்தாளில் எழுதக் கூடாது.

பத்திக் கேள்விக்கு ஒரே விதி. பதில் பத்திக்குள்ளேயே இருக்கிறது. 'எந்த வரியில இருக்கு, விரல் வச்சுக் காட்டு' என்று கேளுங்கள். கேள்வியில் உள்ள வார்த்தை அந்த வரியிலோ, அதற்கு முன்பின் வரியிலோ அநேகமாக இருக்கும்.

அப்புறம் கடிகாரம். கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிடம், விவரங்களை நிரப்ப 5 நிமிடம், எழுத 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் கேள்விகளை முதல் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, நேராக இந்த 35-க்கு வந்துவிடட்டும். தப்பாக எழுதினால் மதிப்பெண்ணைக் கழிப்பதில்லை. அதனால் எதையும் வெறுமையாக விடக் கூடாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் இந்த வரிசை பொருந்தும். அவர்கள் 90-ஐத் தாண்டாமல் நிற்பது பெரும்பாலும் அருஞ்சொற்பொருளிலும் இலக்கணத்திலும்தான்.

இந்த ஊர் பக்கம் 'ராமானுஜனே இங்கிலீஷில் பெயில்தான்' என்று ஆறுதல் சொல்லும் பழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்துக் கும்பகோணத்தில், புடவைக் கடைக் குமாஸ்தாவின் மகனாக வளர்ந்தவர் அவர். டவுன் ஹைஸ்கூலில் பரிசு வாங்கி, 1904-ல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரிக்குப் போனார். ஆங்கிலத்தில் தோற்றதால் அந்த உதவித்தொகை ரத்தானது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 17. தேடித் தவித்த அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. தான் யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், என்ன உதவி வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார்.

எனவே, ரிசல்ட் வரும் நாளில் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 35 வராவிட்டால் ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு வரும். விட்டுப்போன பாடத்தை மட்டும் எழுதி, அதே வருடம் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். இதை ரிசல்ட்டுக்கு முன்பே அவனிடம் சொல்லிவையுங்கள். பரீட்சை பயம் அதிகமாக இருந்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, சுகாதாரத் துறையின் 104 ஆகிய எண்களில் கூப்பிட்டுப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.