அறிவித்தால் போதுமா?



நகரத் தலைவர்கள் திட்டங்களை அறிவிக்கிறார்கள். நாம் கேட்டுவிட்டுக் கலைகிறோம். கடைக்கே ஆபத்து என்றதும் பதறுகிறோம். இது தகுமா?

நூற்றாண்டு கண்ட திருச்சி காந்தி மார்க்கெட்டை எண்ணிப் பாருங்கள். நெரிசலைக் காரணம் காட்டி, சுமார் 77 கோடி ரூபாயில் கள்ளிக்குடியில் புதிய சந்தை கட்டி, 2017ல் திறந்தார்கள். தூரம் அதிகம், கடையோ சிறிது என்று வியாபாரிகள் போக மறுத்தார்கள். மக்கள் வரிப்பணம் முடங்கியது. கட்டுமுன் கேட்டிருந்தால்?

1994ல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் இணைந்து மாநகராட்சியான ஊர் இது. காவிரிக்கு அக்கரையானாலும் இக்கரையானாலும் குப்பையும் குடிநீரும் பொதுப் பிரச்சினைகளே. வார்டுதோறும் பகுதி சபை கூட்டச் சட்டத்தில் இடமுண்டு.

இளைஞர்களே! வியாபாரிகளே! அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். திட்டம் தாளில் இருக்கும்போதே கேள்வி கேளுங்கள். கட்டிடம் எழும்பிய பின் கேட்டுப் பயனில்லை!