அட்டையில் ஒரு மொழி, உள்ளே ஒரு மொழி

திருநெல்வேலியின் தச்சநல்லூர் காவல் நிலையத்தில் இன்றைக்கு ஒருவர் மோசடிப் புகார் கொடுத்தால், குற்றம் 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தது என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் அது பதிவாகும். அதற்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420. அந்த எண்ணை நம்மூர்த் தெரு ஒரு வசைச்சொல்லாகவே எடுத்துக்கொண்டிருந்தது. 'அவன் ஒரு ஃபோர்ட்வென்டி' என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். புதிய சட்டத்தின் நீளமான பெயரை நீதிமன்ற வளாகத்தில் முழுதாக உச்சரிப்பவர்கள் குறைவு. 'பிஎன்எஸ்' என்று மூன்று ஆங்கில எழுத்தாக அது சுருங்கிவிட்டது. காலனியத்தின் அடையாளத்தைத் துடைக்கிறோம் என்று சொல்லி வைத்த சமஸ்கிருதப் பெயர் அது. 'அது இந்திப் பெயர்தானே, சமஸ்கிருதத்தை ஏன் இழுக்கிறீர்கள்' என்று கேட்கலாம். இந்தி தன் சொற்களுக்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தையே நாட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 351-ஆவது பிரிவு சொல்கிறது. நியாயமும் சம்ஹிதையும் வந்த வழி அதுதான். ஆனால் அட்டையைத் திருப்பினால் 358 பிரிவுகளும் ஆங்கிலத்தில்தான் இயற்றப்பட்டிருக்கின்றன.

இந்த அமைப்பைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எங்கும் அது கண்ணில் படும். எல்.ஐ.சி. சின்னத்தில் கைகளுக்கு நடுவே விளக்கு, கீழே கீதையின் 'யோகக்ஷேமம் வஹாம்யஹம்'. பத்திரத்தின் நிபந்தனைகளில் சமஸ்கிருதத்துக்கு வேலை இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு 'யதோ தர்மஸ்ததோ ஜய', கடற்படைக்கு 'சம் நோ வருண'. சட்டைப்பையில் உள்ள நூறு ரூபாய்த் தாளைத் திருப்பிப் பாருங்கள். பதினைந்து மொழிகளில் மதிப்பு அச்சிட்ட பட்டியலில் 'நூறு ரூபாய்' என்ற தமிழ் வரிக்கு நேர் மேலே இருப்பது சமஸ்கிருதம். ஆங்கில அகரவரிசையால் வந்த இடம் அது. அதில் சூது எதுவும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் நாடு முழுக்க 24,821 பேர். அந்த வரியைப் பார்த்துப் பணத்தை எண்ணுகிறவர் என்று ஒருவரைத் தேடிப்பிடிப்பது கடினம்.

2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் நடந்தது இந்தப் பழக்கத்தின் உச்சம். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழிக்குப் பதிலாக ஆயுர்வேத ஆசிரியர் சரகர் பெயரிலான உறுதிமொழியைச் சமஸ்கிருதத்தில் எடுத்துக்கொண்டார்கள். படித்தது ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த சமஸ்கிருதத்தை. மாநில அரசு கல்லூரி முதல்வரைக் காத்திருப்போர் பட்டியலுக்கு அனுப்பியது, சில நாளில் திரும்ப அமர்த்தியது. சண்டை முழுக்க எந்த மொழி என்பதிலேயே நின்றுவிட்டது. என்ன சொன்னார்கள் என்று கேட்டவர்கள் சொற்பம். சரக சம்ஹிதையின் மூலத்தில், அரசன் வெறுக்கிறவர்களுக்கு மருத்துவம் பார்க்கக் கூடாது, கணவனோ காப்பாளரோ உடன் இல்லாத பெண்ணுக்கும் பார்க்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய மாணவருக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டியிருந்தால் வகுப்பிலேயே பத்துக் கை உயர்ந்திருக்கும். பொருள் புரியாத மொழியில் வாங்கிய உறுதிமொழி யாரைக் கட்டும்?

இதைப் புதிய நோய் என்று சொல்லிவிட முடியாது. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேட்டில் இரண்டு பகுதிகள். கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம். அதில் தெய்வ வணக்கமும் குலப்பெருமையும். வட்டெழுத்தில் தமிழ், அதிலும் பெருமை உண்டு, ஆனால் விவகாரம் முழுக்க அதில்தான். நம் தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கையைச் சேர்ந்த கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு முற்காலத்துப் பாண்டியன் ஒருவன் கொடுத்த ஊர், களப்பிரர் காலத்தில் பறிபோனது, வழிவந்தவர் மன்னனிடம் முறையிட்டது, பழைய கொடைதான் என்பதைக் காட்டு என்று மன்னன் கேட்டது, காட்டியது, கிடைத்த நிலத்தின் எல்லை. சமஸ்கிருதம் வானத்தைப் பார்த்துப் பேசியது, தமிழ் வரப்பைப் பார்த்துப் பேசியது. தென்னாசியா முழுக்க இதே வேலைப்பிரிவினை இருந்ததைச் சமஸ்கிருத அறிஞர் ஷெல்டன் போலக் 2006-இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தப் பிரிவினையில் ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மை. ஆனால் வழக்கு என்று வந்தால் வாதியும் பக்கத்து நிலக்காரனும் கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியில் தீர்ப்பு இருந்தது. இன்று மேலே அதே சமஸ்கிருதம் இருக்கிறது. கீழே தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குள்ள புகார் மேல்வரியைப் பற்றியது அல்ல, கீழ்ப்பகுதியைப் பற்றியது.

சமஸ்கிருதம் எல்லோருக்கும் சம தூரத்தில் இருக்கிற மொழி, அதனால் பொது அடையாளத்துக்குத் தகுந்தது என்பார்கள். கௌரவமான வாதம். 1949 செப்டம்பரில் அதை ஆட்சிமொழியாக்கத் திருத்தம் வந்தபோது அம்பேத்கரே ஆதரித்தார். ஆனால் அவர்கள் கேட்டது எல்லோரும் படித்து, கோப்பு எழுதி, வேலை பார்க்கிற மொழியாக. இப்போது வைப்பது மகுடமாக மட்டும். அதிலும் சம தூரம் இல்லை. 'நியாய' என்று நாகரியில் எழுதினால் லக்னோக்காரர் படித்துவிடுவார், தச்சநல்லூர்க்காரர் எழுத்துக்கூட்ட வேண்டும். இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது: அர்த்தம் தெரியாமலும் ஒரு சொல் மக்களுடையதாகும், 1908-இல் திருநெல்வேலித் தெருவில் 'வந்தே மாதரம்' ஆகவில்லையா? ஆயிற்று. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மாலைக்கு மாலை தமிழில் பேசிப் பேசி அந்த இரண்டு சொல்லுக்குள் கப்பலையும் கூலியையும் சுதேசியையும் ஏற்றினார்கள். பாரதி அந்தப் பாடலையும் கீதையையும் தமிழாக்கினார். மேலிருந்து ஒட்டப்பட்ட முத்திரைக்கு அப்படி யாரும் உழைக்கவில்லை.

நம் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். மாநில முத்திரையில் 'வாய்மையே வெல்லும்', அலுவலகக் கட்டட உச்சியில் 'தமிழ் வாழ்க' என்ற மின்விளக்கு. அதன் கீழே அமர்ந்து 'மேற்படி பொருள் தொடர்பாகப் பார்வையில் காணும்' என்று தொடங்கும் கடிதத்தை எழுதினால், அந்தத் தமிழும் மனுதாரருக்குச் சமஸ்கிருதம்தான். ஆனால் இதைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது. மற்றது டெல்லியின் கையில் இருக்கிறது. மத்தியச் சட்டங்களுக்குத் தமிழ் உட்பட மாநில மொழிகளில் அதிகாரபூர்வ வாசகம் வெளியிட 1973-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழுக்கும் அதே இடம் வேண்டும் என்று நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய நாள் 2006 டிசம்பர் 6. அனுமதி இன்னும் வரவில்லை.