கடல் யாருக்குத் தெரியணும்?

'ஸீ வியூ' ஃப்ளாட் விளம்பரம் பார்த்திருப்பீங்க. பல இடங்களில் அந்த வியூ, பின்னாடி தெருவில் நடக்கிறவங்க அதுவரை காசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான். கட்டடம் வந்து மறைச்சதும், அதையே சதுர அடிக் கணக்கில் விற்கிறாங்க.

கனடாவின் வான்கூவர் நகரம் 1989-லேயே இதற்கு விதி போட்டது. பூங்கா, பாலம் போன்ற பொது இடங்களில் நின்றால் வடக்கே மலைகள் தெரியணும். அந்தப் பார்வைக்கோட்டை மறைத்துக் கட்டடம் எழும்பக்கூடாது. வீடுகள் போதவில்லை என்று 2024-ல் சில கோடுகளைத் தளர்த்தினாங்க. வீடு தேவைதான், மறுக்கலை. ஆனால் டவரை ஒல்லியாக்கி, நடுவில் இடைவெளி விட்டாலும் வீடு கிடைக்குமே!

நாளைக்கு பிளான் போடப்போவது நாமதான். சைட்டுக்குப் போனால் முதலில் பின்னாடி இருக்கிற பஸ் ஸ்டாப்பில் நின்னு பாருங்க. அங்கிருந்து கடல் தெரிந்தால், டிராயிங்கில் அதற்கும் ஒரு கோடு போடுங்க.