அங்கே தட்டு, இங்கே பாட்டில்

போன மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் வந்தோம். எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன்னால் கடல் தாண்டியதில்லை. ஐந்து நாள் டூர். திரும்பி வந்ததும் நீங்கள் என்ன செய்வீர்களோ, அதையேதான் நாங்களும் செய்தோம். எதிர் வீடு, ஆபீஸ், சொந்தக்காரர்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் உட்கார வைத்துச் சொன்னோம். “அடேயப்பா, என்னா சுத்தம்! நம்ம ஜனங்களும் இருக்காங்களே... திருந்தவே மாட்டாங்க!”

இந்தக் கடைசி வாக்கியம் பற்றித்தான் உங்களோடு சண்டை போடப் போகிறேன். முதல் சண்டை என்னோடு.

சிங்கப்பூர் தேக்கா சென்டரில் சாப்பிட்டு முடித்ததும், என் மகன் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய் அதற்கான இடத்தில் வைத்துவிட்டு வந்தான். வீட்டில் தின்ற தட்டை ஒரு அங்குலம் நகர்த்தாதவன்! என் அம்மாவுக்குத் தாங்கவில்லை. “எப்படிடா?” என்றார். “ஃபைன் போடுவாங்க பாட்டி” என்றான். நிஜம்தான். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதல் தடவை எச்சரிக்கை, மறுபடியும் செய்தால் அபராதம்.

அடுத்த மாதமே காரில் புதுச்சேரி கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளத்தைப் பார்த்ததும் இறங்கினோம். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். போட்டோவுக்கு அருமையான பேக்கிரவுண்டு. எடுத்து முடித்ததும், குடித்துத் தீர்த்த தண்ணீர் பாட்டிலை வரப்புக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்தான், தட்டு எடுத்து வைத்த அதே பையன். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கண்டிக்கவில்லை. அடுத்த நிமிஷம் என் கையிலிருந்த டீ கப்பும் அங்கேதான் போனது.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் வந்து பாட்டிலை எடுத்தார். “இன்னா சார், நீங்க துன்ற உப்புதானே இது?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

இப்போது சொல்லுங்கள். நாலு மணி நேர விமானப் பயணத்தில் திருந்திய ஜனம், திரும்பி வந்ததும் ஏன் கெட்டது? அதே பையன், அதே ரத்தம், அதே வளர்ப்பு. அப்படியானால் கோளாறு ரத்தத்தில் இல்லை. சிங்கப்பூர்க்காரர்களும் பிறக்கும்போதே சுத்தமாகப் பிறந்தவர்கள் அல்ல. 1968-ல் லீ குவான் யூ ஊரைச் சுத்தமாக வைக்க இயக்கம் ஆரம்பித்தார். நாறிக் கிடந்த சிங்கப்பூர் ஆற்றை 1977-ல் தொடங்கி சுத்தப்படுத்த பத்து வருஷம் ஆனது.

“அதான் சார், இங்கேயும் ஃபைன் போடணும், அடிச்சாத்தான் திருந்துவாங்க” என்று உடனே குதிக்காதீர்கள். நம்மிடம் சட்டம் இல்லையா என்ன? 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆனால் நாங்கள் அங்கே சுற்றிய இடங்களில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் குப்பைத் தொட்டி இருந்தது, கழிப்பறை இருந்தது. மரக்காணத்தில் நான் நின்ற இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் குப்பைத் தொட்டி இல்லை. அந்தப் பெண்கள் ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லை, நிழலுக்கு ஒரு கூரை இல்லை. தொட்டியே வைக்காமல் அபராதம் போடுவதற்குப் பெயர் நிர்வாகம் அல்ல, வழிப்பறி.

நான் பி.காம். படித்தவன். வரவு எழுதினால் பற்றும் எழுதியாக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் சுத்தத்தை வரவு வைத்த நாம் பற்றுப் பக்கத்தைப் பார்த்தோமா? அங்கே உணவங்காடி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு என் அம்மா வயசு இருக்கும். தொழிலாளர்களைத் திறந்த லாரியின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறார்கள். பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அம்மாதான் கேட்டார், “நம்ம ஊர்ப் பசங்க மாதிரி இருக்கே?” நம்ம ஊர்ப் பசங்களும்தான் அம்மா. 2020-ல் கொரோனா அதிகமாகப் பரவியது இவர்களுடைய நெரிசலான விடுதிகளில்தான். ஊருக்குத் திரும்பி வந்து மெர்லயன் சிலையைப் பற்றி அத்தனை பேரிடம் சொன்ன நான், அந்த லாரியைப் பற்றி ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அங்கே லாரியில் போகிறவனும் கண்ணில் படவில்லை, இங்கே உப்பு வாருகிறவளும் கண்ணில் படவில்லை. இதுதான் நம் வியாதி. வேலை செய்கிற ஆள் கண்ணில் படாவிட்டால், அவர் வேலை செய்கிற இடம் நமக்குப் பொறம்போக்கு. எதை வேண்டுமானாலும் எறியலாம்.

மரக்காணம் லேசுப்பட்ட ஊர் இல்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிரேக்கப் பயணக் குறிப்பில் வரும் சோபட்மா துறைமுகம் இதுவே என்று சொல்பவர்களும் உண்டு. பக்கத்துக் கழுவெளியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். குடும்பத்தோடு கடல் தாண்டி இங்கே வந்துபோகும் பறவைகள் ஒரு பாட்டிலைக்கூடப் போட்டுவிட்டுப் போவதில்லை!

அடுத்த முறை வெளிநாடு போய் வந்தால், “நம்ம ஜனங்க திருந்த மாட்டாங்க” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டால் நாமும் மாற வேண்டாம், அதிகாரிகளும் மாற வேண்டாம், எல்லோருக்கும் சௌகரியம். அங்கே பார்த்து அசந்த தொட்டியையும் கழிப்பறையையும் இங்கே கேளுங்கள். உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள், ஊராட்சித் தலைவரிடம் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். உங்கள் தெருவுக்கு மட்டுமல்ல, உப்பளத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

“அந்தக் கப்பையும் எடுத்துக்கங்க சார்” என்றார் அந்த அம்மா. குனிந்து எடுத்தேன். போட இடமில்லாமல் புதுச்சேரி வரை காரில் வைத்துக்கொண்டு போனோம். கை ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.