யார் முன் யார் அமரலாம்?

குருத்து ஞாயிறன்று பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது எழுந்து நிற்கிறோம். வாசகம் நீள நீள, உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிறோம். முதியோர் மெல்ல அமர்ந்துவிடுகின்றனர். அவர்களை எவரும் குறை கூறுவதில்லை. அதே நாம், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துணியெடுக்கச் செல்லும் கடையில், காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்ணின் கால்களை எண்ணிப் பார்த்ததுண்டா?

நின்று வேலை செய்வோர் இடையிடையே அமர்ந்து ஓய்வு கொள்ள ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44ஆம் பிரிவில் விதித்தது. இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு வலிக்கும் கால், துணிக்கட்டின் முன் நிற்பவருக்கு வலிக்காதோ? இந்த எளிய உண்மையைக் கடைகளுக்கான சட்டம் ஏற்க எழுபது ஆண்டுகள் கடந்தன. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் நடத்திய போராட்டத்தின் பயனாய்க் கேரளம் 2018இல் வழி திறந்தது. தமிழகமும் 2021இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்பது இன்று சட்டம்.

சட்டம் வந்துவிட்டது, இருக்கை வந்ததா? வாசகர் தம் ஊர்க் கடைவீதியில் தாமே பார்த்துக்கொள்ளலாம். முக்காலி இருந்தாலும் அதில் அமரத் துணிபவர் எத்தனை பேர்? வேலையினிடையே வாய்ப்பு நேரும்போது அமரலாம் என்கிறது சட்டம். வாய்ப்பு நேர்ந்ததா என்று முடிவு செய்பவர் யார்? பணியாளரா, மேற்பார்வையாளரா? இந்த ஓட்டை வழியே சட்டத்தின் நோக்கமே ஒழுகிப் போகலாம்.

வாடிக்கையாளர் வரும்போது பணிப்பெண் அமர்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று காரணம் கூறுவார்கள். அந்த மரியாதை யாருக்கு? நமக்குத்தான். நம் பெயராலேயே அவள் நிறுத்தி வைக்கப்படுகிறாள். வங்கியிலும் அஞ்சலகத்திலும் அமர்ந்தபடியே நமக்குப் பணி செய்கிறார்கள். அங்கே நாம் அவமானம் அடைவதில்லை. குறைந்த கூலி பெறும் பெண் அமர்ந்தால் மட்டும் நம் மதிப்பு குறைந்துவிடுமோ? பண்ணையார் வீட்டுத் திண்ணையருகே உழைப்பவன் நின்றே பேச வேண்டும் என்றிருந்த பழைய கணக்குத்தான் இது. திண்ணை போய்விட்டது, அதன் திமிர் கண்ணாடிக் கதவுகளுக்குள் குடிபுகுந்திருக்கிறது.

தொழிலாளரின் மாண்பைப் பற்றி 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய திருமடலை மேடைகளில் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அந்த மாண்பை விலை கொடுத்து வாங்கும் இடத்திலும் நினைவுகூர வேண்டாமா? ஆய்வாளர் ஆண்டுக்கு எத்தனை முறை வருவாரோ, நாம் அறியோம். நாமோ அடிக்கடி செல்கிறோம்.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, "உட்கார்ந்தே எடுத்துக் காட்டம்மா" என்று சொல்வோம். அவள் தயங்கிக் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்ப்பாளாயின், நாமும் அந்தப் பக்கம் திரும்பி, "இவர்களுக்கு இருக்கை எங்கே?" என்று உரக்கக் கேட்போம்.